கள்ளக்குறிச்சி: "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தன்

ஆத்தூர்க்காரன்:

2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்துப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். இறந்தவர்களின் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் அறிவித்த அன்றைக்கு எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொதிப்பு. உழைக்கிறவனுக்கு ஒன்றும் கிடையாது, குடித்துச் செத்தால் பத்து லட்சமா என்று ஆளுக்கு ஆள் எழுதினார்கள். அதைக் கேலி செய்து ஒரு படம் வந்தது, நானும் நாலு குழுவுக்கு அனுப்பினேன். எனக்கு உண்மையாகவே கோபம்தான்.

நாலு மாதத்துக்கு முன் எங்கள் கடையில் ஒரு அம்மா வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறவர், மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றுதான் சொல்லியிருந்தார். போன மாதம் சம்பள விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், அவர் கருணாபுரத்துச் சாவில் போனவர் என்று வாய்விட்டுச் சொன்னார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "உண்மையைச் சொன்னா, பத்து லட்சம் வந்துச்சே, அப்புறம் எதுக்கு வேலைக்கு வர்றேன்னு கேக்கறாங்க தம்பி" என்றார். அந்தப் படத்தை அனுப்பியது நான்தான் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

தொகை அதிகம் என்று இப்போதும் மனதில் ஒரு பக்கம் தோன்றுகிறது. ஆனால் அந்த வாரம் முழுக்க நாம் யார்மேல் கோபப்பட்டோம் என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை. அன்றைக்கு உங்களுக்கு என்ன தோன்றியது, இப்போது என்ன தோன்றுகிறது? நேராகச் சொல்லுங்கள்.

செவிலி_சேலம்:

தம்பி, அந்த நாட்களில் நான் ஓர் அரசு மருத்துவமனையில் பணியில் இருந்தேன். எங்கே என்பது வேண்டாம். கள்ளக்குறிச்சியில் இடம் போதாமல் சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், ஆலைகளில் பயன்படுத்துகிற விஷ ரசாயனம். அது சாதாரண சாராயம் மாதிரி போதை தரும், அதனால் குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, மூச்சுவாங்கல் எல்லாம் வரும், கண் முன்னால் பனி மூட்டம் போட்டது போலிருக்கும். அதற்குள் உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடும், பார்வை நரம்பைத் தின்பது அதுதான். ஃபோமெபிசோல் என்று ஊசி இருக்கிறது, டயாலிசிஸ் செய்யலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் ஆள் சீக்கிரம் வந்து சேர வேண்டும், வந்தவன் என்ன குடித்தான் என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

சொல்ல மாட்டார்கள். வயிற்றுவலி என்பார்கள், கடையில் வாங்கிய சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். கூட வந்த மனைவி தலையைக் குனிந்துகொள்வார். குடிகாரன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற வெட்கம். முதல் சாவுகள் நடந்தபோது கள்ளச்சாராயம்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்று மாவட்ட நிர்வாகத்தின் பக்கமிருந்தே செய்தி வந்தது. அதைக் கேட்டு, அப்படியென்றால் நாம் குடித்ததில் தப்பில்லை என்று வீட்டில் படுத்துக்கிடந்தவர்கள் எத்தனை பேரோ. செத்தவர் வீட்டுத் துக்கத்துக்குப் போனவர்கள் அதே சரக்கைக் குடித்தார்கள் என்பதும் செய்தியில் வந்ததுதான்.

உங்கள் கடை அம்மா மாரடைப்பு என்று சொன்னதும் இவர்கள் வயிற்றுவலி என்று சொன்னதும் ஒன்றுதான். நாம் எல்லோரும் சேர்ந்து திட்டத் திட்ட அடுத்த முறை இன்னும் நாலு பேர் மறைப்பார்கள். எனக்குப் பத்து லட்சத்தைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை. கண் போய், உயிர் மட்டும் மிஞ்சி வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் உங்களுக்கும் இருக்காது.

வெம்பக்கோட்டை_ரோடு:

அக்கா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், கேலி செய்தது தப்பு. ஆனால் கோபப்பட்ட எல்லோரையும் இரக்கமில்லாதவர்கள் என்று ஒரே கூடையில் போடாதீர்கள், நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன்.

அதே 2024 பிப்ரவரியில் எங்கள் பக்கம் ராமுதேவன்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 10 பேர் போனார்கள். அவர்கள் வேலைக்குப் போய்ச் செத்தவர்கள். முதல்வர் நிவாரண நிதியிலிருந்து அறிவித்தது 3 லட்சம். நாலே மாதத்தில் இன்னொரு இடத்தில் 10 லட்சம் என்று கேட்டபோது எங்கள் தெருவில் யாரும் செத்தவர்களைத் திட்டவில்லை, எங்கள் பிள்ளைகள் உயிர் அவ்வளவு மலிவா என்றுதான் கேட்டார்கள். அந்தத் தொகையை எதிர்த்து வழக்கே போனது. 10 லட்சம் அதிகமாகத்தான் தெரிகிறது என்று உயர் நீதிமன்றத்திலேயே வாய்மொழியாகக் கருத்துச் சொன்னார்கள். ஆக, கேட்டது பைத்தியக்காரத்தனம் இல்லை.

எந்தச் சாவுக்கு எவ்வளவு என்று முன்கூட்டி ஓர் அளவு இருந்தால் இந்தச் சண்டையே வராது. செய்தித் தொலைக்காட்சியில் எத்தனை நாள் ஓடுகிறதோ அதைப் பார்த்துத் தொகை ஏறுகிறது என்று நாங்கள் நினைக்கிறோம், அப்படி இல்லை என்று யாராவது காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கோமுகிக்கரை:

நான் உள்ளூர். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

விருதுநகர் அண்ணன் கேட்பது நியாயம். அந்த 3 லட்சத்தை உயர்த்து என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்டிருக்கலாம், ஆனால் அன்றைக்கு வந்த குரல் இந்த 10 லட்சத்தைக் குறை என்பதாகத்தான் இருந்தது. 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பக்கம் 20 பேருக்கு மேல் இதே மெத்தனாலில் செத்தார்களே, அப்போதும் அறிவித்தது 10 லட்சம்தான். அப்போதும் இதே வாக்குவாதம்தான் நடந்தது. ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனால் சாராய வியாபாரி கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வியை அன்றைக்கே நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், ஒரு வருடம் கழித்து எங்கள் ஊரில் அந்தச் சாராயப் பாக்கெட் வந்திருக்குமா? எனக்குத் தெரிந்து தொகையைப் பற்றிப் பேசிய நூறு பேரில் மெத்தனாலைப் பற்றிக் கேட்டவர் ஐந்து பேர்கூட இல்லை.

கருணாபுரம் ஒன்றும் காட்டுக்குள் இல்லை. நகரத்துக்குள்ளேயே, காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடம். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். சுமை தூக்கவும் பெயின்ட் அடிக்கவும் போகிறவன் விடியற்காலையிலேயே உடம்பு வலிக்கு ஒன்று போட்டுக்கொண்டு போகிறான், அவனுக்குக் குவார்ட்டர் விலையில் பாதிக்கும் குறைவாகப் பாக்கெட் கிடைக்கிறது. செத்தவர்களில் பெண்களும் உண்டு. இதெல்லாம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்து நடந்தது, தெரியவில்லை என்று சொல்ல வேண்டியவர்கள் மட்டும் தெரியவில்லை என்றார்கள்.

நடவடிக்கையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்சியரை மாற்றினார்கள், எஸ்.பி.யை சஸ்பெண்ட் செய்தார்கள், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் போட்டார்கள், அந்த மாதக் கடைசியிலேயே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொடுக்க வழி செய்தார்கள். நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அந்தத் தீர்ப்பு வந்த அன்றைக்கு நான் பேஸ்புக்கில் தேடித் தேடிப் பார்த்தேன், ஜூனில் கொதித்த ஆட்களில் ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. எங்களுக்கு வலித்தது அதுதான், நீங்கள் திட்டியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வந்த வீடுகளில் பாதிக்கு முதலில் வந்து நின்றது கடன்காரன்தான். அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் படிப்புச் செலவை அரசு ஏற்றது, 18 வயது வரை மாதம் 5,000 என்றும் அறிவித்தது. அந்தப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் உங்கள் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்திருப்பார்கள்.

வெம்பக்கோட்டை_ரோடு:

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் சொன்னபடி 3 லட்சத்தை உயர்த்து என்று கேட்டிருக்க வேண்டும், சரி. ஆனால் எங்கள் பக்கத்துச் சாவு இரண்டு நாளில் செய்தியிலிருந்து போய்விடுகிறது, அதையும் நீங்கள் பேச வேண்டும். அடுத்த முறை இங்கே வெடிக்கும்போது உரிமம் யார் பெயரில், உள்குத்தகைக்கு யார் விட்டது, அனுமதித்த ஆளைவிட அறையில் எத்தனை பேர் கூடுதல் என்று நீங்களும் கேளுங்கள்.

கோமுகிக்கரை:

கேட்கிறேன் அண்ணா. இந்தத் திரியிலேயே வந்து கேட்கிறேன்.

ஆத்தூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அந்த நாலு குழுவிலும், 2024இல் நான் அனுப்பிய படம் தப்பு, செவிலி அக்கா சொன்ன விஷயம் இது என்று எழுதினேன். இரண்டில் யாரும் பதில் சொல்லவில்லை. ஒன்றில் சித்தப்பா, "அவ்வளவு இரக்கம் இருந்தா உன் பணத்தைக் குடு" என்றார், அவரோடு நேரில்தான் பேச வேண்டும். நாலாவதில் எங்கள் அத்தை ஒருத்தர், அவர்கள் தெருமுனையில் காலை ஆறு மணிக்கே பாக்கெட் விற்கிறார்கள், ஒரு வருடமாகப் பார்க்கிறேன், யாரிடம் சொல்வது, சொன்னால் நம் பெயர் வெளியே போய்விடாதா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன சொல்ல?

கடை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கோமுகிக்கரை:

மதுவிலக்குப் பிரிவுக்கு 10581 என்று இலவச எண் இருக்கிறது. அத்தையைத் தனியாகப் பேசவிடாதீர்கள், உள்ளூர் ஸ்டேஷனில் மட்டும் சொல்லிவிட்டு வரவும் வேண்டாம், எங்கள் பக்கத்து ஊரில் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு வந்த அன்று மாலையே விற்கிறவன் அவர் வீட்டு வாசலில் நின்றான். தெருவில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுக்கட்டும். எந்த இடம், எந்த நேரம் விற்கிறார்கள் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மனு எண் போட்ட ரசீது கொடுப்பார்கள், அதை வாங்காமல் வர வேண்டாம்.