பழைய பாக்ஸ்டர் காரின் இடப்பக்கம் தாழ்ந்து நிற்கிறது: ஸ்பிரிங் கோளாறா, அடிபட்ட வண்டியா?

காட்பாடிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்த ஆசை நிறைவேறி, இரண்டு மாதங்களுக்கு முன்பு சென்னையில் பழைய கார் விற்கும் ஒருவரிடமிருந்து 2008ஆம் ஆண்டின் போர்ஷே பாக்ஸ்டர் வாங்கினேன். 987 தலைமுறை, 2.7 லிட்டர் எஞ்சின், 61,000 கிலோமீட்டர் ஓடியது. ஆர்.சி. புத்தகத்தின்படி நான் மூன்றாவது உரிமையாளர். எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவி வீட்டு போர்டிகோவில் நிறுத்திவிட்டு எதிரே நின்று பார்த்தபோதுதான், முகப்பு இடப்புறமாகச் சற்றுச் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டது. முன் இடது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்கள்தான் நுழைந்தன. வலப்பக்கம் மூன்று விரல்கள் தாராளமாக நுழைந்தன. அன்று முதல் மனம் அமைதியாக இல்லை.

நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் கை எடுத்தாலும் கார் நேராகவே செல்கிறது. ஆனால் பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது இடப்பக்கத்திலிருந்து ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம் வருகிறது. இருக்கைக்குப் பின்னாலேயே எஞ்சின் இருப்பதால், அது முன்னிருந்து வருகிறதா பின்னிருந்து வருகிறதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஒரு பணிமனையில், முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன, ஜோடியாக மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேல் ஆகும் என்றார்கள். இன்னொருவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது அடிபட்டுத் தூக்கி நிறுத்திய வண்டி, விற்றுவிடுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஏலகிரிக்குச் செல்ல எண்ணியிருந்தேன். எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால் நான் எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சத்துவாச்சாரி வாசகர்

ஐயா, விரல் அளவை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். நம் ஊர் வீடுகளில் மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓடுவதற்காக போர்டிகோத் தரையைச் சரிவாகத்தான் போடுவார்கள். அந்தச் சரிவும் பெரும்பாலும் ஒரே திசையில் இருக்காது, மூலைக்கு மூலை மாறும். அங்கே எடுக்கும் அளவு காரின் அளவாக இராது, தரையின் அளவாகத்தான் இருக்கும்.

கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தை ஒரு நாள் கேட்டு வாங்கி, நான்கு சக்கரங்களும் நிற்கப்போகும் இடங்களை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருக்கும் தரை கிடைத்தால் போதும். முன் ஜோடியிலும் பின் ஜோடியிலும் இடது வலது டயர்கள் ஒரே அளவா, ஒரே தயாரிப்பா என்று பார்த்து, குளிர்ந்த நிலையில் காற்றைச் சரி செய்யுங்கள். வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. டிக்கியில் பாரமும் கூடாது. ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்காதீர்கள். சக்கரங்கள் உள்வாங்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் கையால் அமுக்கி விட்ட பிறகு அளவெடுங்கள். தரையிலிருந்து அளப்பதை விட, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளப்பதே நல்லது. டயர் தேய்மானம் அந்த அளவில் பெரும்பாலும் கலக்காது.

காட்பாடிக்காரர்

மிக்க நன்றி. நண்பர் ஒருவரின் தோல் பொருள் கிடங்கில் வழவழப்பான சிமெண்ட் தளம் இருக்கிறது. டியூப் மட்டம் வைத்துப் பார்த்ததில் நான்கு இடங்களுக்கும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை. நீங்கள் சொன்னபடியே உருட்டி, அமுக்கி, மூன்று முறை அளந்தேன். முன் இடது 354, முன் வலது 370, பின் இடது 361, பின் வலது 375 மில்லிமீட்டர். டயர்கள் ஜோடிக்கு ஜோடி ஒன்றாகவே இருக்கின்றன.

ராணிப்பேட்டை இயந்திரப் பொறியாளர்

இப்போதுதான் பேசுவதற்கு ஓர் அடிப்படை கிடைத்திருக்கிறது. முன்பக்கம் இடதுக்கும் வலதுக்கும் 16 மில்லிமீட்டர் வித்தியாசம், பின்பக்கம் 14. ஏறக்குறைய இரண்டும் ஒன்று என்பதை முதலில் கவனியுங்கள். காரின் உடல் ஒரு கெட்டியான பெட்டி. அது முன்னோ பின்னோ தாழலாம், இடமோ வலமோ சாயலாம்; ஆனால் ஈரத் துணியைப் போல முறுக்கிக்கொள்ளாது. ஆகவே சமதளத்தில் அது இடப்பக்கம் சாய்ந்தால் முன்னும் பின்னும் ஒரே அளவாகத்தான் சாய முடியும். முன்பக்கம் 16 இருந்து பின்பக்கம் ஒன்றுமில்லாமல் இருந்திருந்தால், டிங்கரிங் செய்தவர்கள் மட்கார்டைத் தவறான இடத்தில் பூட்டியிருக்கிறார்கள், அல்லது உடலே முறுகியிருக்கிறது என்று நானே உங்களைப் பயமுறுத்தியிருப்பேன். உங்கள் அளவு அப்படிச் சொல்லவில்லை. வண்டி அடிபடவே இல்லை என்பதற்கு இது சான்றாகாது என்றாலும், இந்தச் சாய்வுக்குக் காரணம் ஸ்பிரிங்குகளின் பக்கம்தான் இருக்கிறது.

அடுத்தது எந்த ஸ்பிரிங் என்ற கேள்வி. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். முன் இடது தாழ்வாகத் தெரிவதால் முன் இடது ஸ்பிரிங்கில்தான் குறை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு கால் குட்டையான கட்டிலை நினைத்துப் பாருங்கள். குட்டைக் கால் இருக்கும் மூலை மட்டும் ஆடாது, அதற்கு எதிர் மூலையும் சேர்ந்தே ஆடும். காரிலும் அப்படித்தான். நான்கு ஸ்பிரிங்குகளும் ஒரே விறைப்பு உடையவை என்று வைத்துக்கொண்டால், ஒரு மூலையில் ஸ்பிரிங் 30 மில்லிமீட்டர் குட்டையாகும்போது அந்த மூலை முழு 30 மில்லிமீட்டரும் இறங்குவதில்லை. முக்கால் பங்கு அங்கே இறங்கும். அடுத்துள்ள இரண்டு மூலைகளும் கால் பங்கு இறங்கும். குறுக்கே எதிர் மூலை கால் பங்கு எழும்பும். கணக்குப் போட்டால், குறை முன் இடதில் இருந்தாலும் பின் இடதில் இருந்தாலும், முன்னும் பின்னும் இடது வலது வித்தியாசம் 15 மில்லிமீட்டராகவே வரும். உங்கள் அளவுகளும் அதையே ஒட்டி நிற்கின்றன. அதனால் உயரத்தை மட்டும் வைத்து மூலையைக் கண்டுபிடிக்க முடியாது. பாரத்தை அளந்தால் முடியும். குறையுள்ள ஸ்பிரிங்கின் மீதும் அதன் எதிர் மூலையின் மீதும் பாரம் குறைந்து, மற்ற இரண்டின் மீதும் கூடியிருக்கும். பந்தயக் கார்களை நான்கு தனித்தனி எடைத்தட்டுகளின் மீது நிறுத்திப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஷாக் அப்சார்பர் குறித்தும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரு லட்சம் ரூபாய் அதைப் பொறுத்திருக்கிறது. காரைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடுவதை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. வாயு அடைத்த ஷாக் அப்சார்பர் தன் வாயுவை முழுவதும் இழந்தாலும் உயரம் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். ஆகவே எண்ணெய் கசிவு கண்ணுக்குத் தெரியாதபோது, உயரத்தைக் காரணம் காட்டி அதை மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உடைந்த ஸ்பிரிங்கைத் தவிர, யாரேனும் ஒரு பக்கம் மட்டும் வேறு வகை ஸ்பிரிங் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. இந்தக் காரில் பாஸ்ம் எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டு ஷாக் அப்சார்பருடன் வந்தவை 10 மில்லிமீட்டர் தாழ்வாக நிற்கும்; இரண்டு வகைகளையும் கலந்துவிட்டால் சாய்வு வரும். ஸ்பிரிங்குகளின் மீதுள்ள வண்ணக் கோடுகள் இடமும் வலமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாலாஜா மெக்கானிக்

தம்பி, பொறியாளர் ஐயா சொன்ன கணக்கு சரியானது. முப்பது ஆண்டுகளாக வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தவன் என்ற முறையில் நான் சேர்க்க வேண்டியவை இவை.

நம் சாலைகளில் ஓரத்துப் பள்ளங்களை எல்லாம் வாங்குவது இடது சக்கரங்கள். ஸ்பிரிங்கின் மீதுள்ள பூச்சு கல் பட்டு ஓரிடத்தில் பெயர்ந்தால், அங்கே துரு குழி பறிக்கும். அந்தக் குழியிலிருந்து விரிசல் புறப்படும். அது பெரும்பாலும் கீழ்ச் சுற்றில்தான் முறியும். முறிந்த துண்டு, ஸ்பிரிங்கின் கீழ் முனையைத் தாங்கும் கிண்ணத்தில் சேற்றோடு உட்கார்ந்துகொள்வதால் மேலிருந்து பார்ப்பவர்களுக்கு ஸ்பிரிங் முழுதாகவே தெரியும். லிஃப்டில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, கிண்ணத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு, கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துச் சுற்றிலும் பாருங்கள். நான்கையும் பாருங்கள், இடது பக்கச் சுற்றுகளையும் வலது பக்கச் சுற்றுகளையும் எண்ணி ஒப்பிடுங்கள். பாரம் இருக்கும்போது சுற்றுகளுக்கு நடுவே விரலை விட வேண்டாம்.

ஸ்பிரிங் நன்றாக இருந்தால், கார் நான்கு சக்கரங்களில் நிற்கும் நிலையிலேயே ஆன்டி ரோல் பாரின் (வளைவுகளில் உடல் சாய்வதைக் குறைக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) லிங்க் ராடு ஒன்றை மட்டும் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் உயரம் மாறினால், வளைந்த பாரோ தவறான நீளமுள்ள லிங்க்கோதான் காரை ஒரு பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. சக்கரத்தை உடலோடு இணைக்கும் ஆர்ம்களின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கிவிடுவதும் பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் ரப்பர் முறுக்கேறி வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், ஓர் ஆண்டுக்குள் கிழிந்தும் போகும். கடைசி முறுக்கு, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சோதித்து முடிக்கும் வரை ஏலகிரிப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். முறிந்த ஸ்பிரிங்கின் முனை டயரின் உட்பக்கத்தைக் கிழிக்கக்கூடும். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நேரக் கூடாது.

காட்பாடிக்காரர்

உங்கள் அனைவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். நேற்று லிஃப்ட் உள்ள ஒரு பணிமனையில் நானும் கூடவே நின்று நான்கு மூலைகளையும் பார்த்தோம். முன்பக்க ஸ்பிரிங்குகள் இரண்டும் முழுதாக இருந்தன. வண்ணக் கோடுகளும் ஒன்றாகவே இருந்தன. பின் இடது கிண்ணத்தைக் கழுவியதும் கண்ணாடியில் முறிவு தெரிந்தது. ஸ்பிரிங், கீழ் முனையிலிருந்து ஒரு சுற்றுக்குச் சற்று மேலே துண்டாகியிருந்தது. கழற்றிய துண்டு இப்போது என் மேசையின் மீது இருக்கிறது. முறிந்த முகத்தின் ஓர் ஓரம் கருந்துரு பிடித்திருக்கிறது, எஞ்சிய பகுதி சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருக்கிறது. விரிசல் நெடுநாளாகவே இருந்திருக்கிறது, கடைசிப் பகுதிதான் அண்மையில் விட்டுக்கொடுத்திருக்கிறது என்று மெக்கானிக் விளக்கினார். அடிபட்டுப் பிரித்துப் பூட்டிய வண்டியாகத் தெரியவில்லை என்பதற்கு அடையாளமாக, மட்கார்டு போல்ட்டுகளின் தலைகளிலும், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுதியான ஸ்ட்ரட்டின் மேல் முனைகளைச் சுற்றியும் பெயின்ட் கலையாமல் இருந்ததையும் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

இந்தக் காரில் பின்பக்கமும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே ஸ்ட்ரட்டாகக் கழன்று வருவதால், பின் ஸ்பிரிங்குகள் இரண்டையும் ஜோடியாக மாற்றினோம். கசிவு இல்லாத பழைய ஷாக் அப்சார்பர்களையே திரும்பப் பூட்டினோம். புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் நின்ற நிலையில் முறுக்கி, நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் செய்து, அதே கிடங்குத் தளத்தில் மீண்டும் அளந்தேன். முன்பக்கம் 3 மில்லிமீட்டர், பின்பக்கம் 2 மில்லிமீட்டர் வித்தியாசம். பாலாற்றுப் பாலத்தில் இரண்டு முறை போய் வந்தேன். அந்தச் சத்தம் இல்லை.

பின் இடது டயரைக் கழற்றித் திருப்பியபோது, அதன் உட்சுவரில் சுற்றளவு முழுவதும் ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் நகம் உள்ளே இறங்கியது. அந்த ஜோடி டயர்களையும் அங்கேயே மாற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.