தேங்காய்ப்பூ ரொட்டி ஆறியபின் இறுகாமல் இருக்க என்ன செய்யலாம்?

வணக்கம். 2 கப் கோதுமை மாவுக்கு 1 கப் தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்), வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து, தண்ணீர் தெளித்துக் குழைத்துத் தட்டி, தோசைக்கல்லில் மிதமான சூட்டில் ரொட்டி சுடுகிறேன். சுடச்சுட அருமை. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியில் மதியத்துக்குள் இறுகிவிடுகிறது. வெந்நீரில் குழைத்தால் மென்மையாக இருக்குமா, இல்லை தேங்காய்ப்பால் விட வேண்டுமா?

அப்புறம் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கட்டச்சம்பல். செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), உப்பு, சின்ன வெங்காயம், மாசி (மாசிக் கருவாடு) எல்லாம் அம்மியில் வைத்து அரைத்து, கடைசியில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழிவதுதான் வழக்கம். அம்மா மரக்கறிதான் சாப்பிடுவார், மாசி கூடாது. மாசி இல்லாத சம்பல் வெறும் உறைப்பாகவே நிற்கிறது. அவருக்காக எதைச் சேர்க்கலாம்? எங்கள் வீட்டில் அம்மியும் இல்லை. மிக்சியில் வெங்காயம் தண்ணீர் விட்டுவிடுகிறது. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.