மறு: 'லேன்' என்பதற்குத் தமிழ்: தடமா, சாலா, ஒழுங்கையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நகரச் சாலைச் சொற்பட்டியலில் மற்றவை எல்லாம் நகர்ந்துகொண்டிருக்க, சாலையில் கோடு போட்டுப் பிரித்த வண்டி வரிசையைக் குறிக்கும் 'லேன்' மட்டும் நடுவழியில் நிற்கிறது. சிலர் சலித்துப்போய் மௌனமாகிவிட்டதும் தெரிகிறது. ஆனாலும் இதை அவசரமாக முடிக்க எனக்கு மனமில்லை. இந்தப் பட்டியல் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் வணிகர் கூட்டங்களிலும் படிக்கப்படப்போகிறது. அங்கே 'பஸ் லேன் வேண்டும்' என்று ஒருவர் எழுந்தால், 'கடைகளை இடிக்கவா?' என்று இன்னொருவர் எழுகிறார். முதலாமவர் கேட்டது இருக்கிற சாலையில் ஒரு கோடு. இரண்டாமவர் கேட்டதாக நினைத்தது புதிதாக ஒரு சாலை. ஒரே சொல்லை இருவரும் இரண்டு பொருளில் பிடித்துக்கொண்டால் அந்தக் கூட்டம் எங்கே போய் முடியும்?

வந்த மடல்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> 'தடம்' என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கும்போது புதிதாகத் தேடுவது ஏன்? பேருந்துத் தடம், மிதிவண்டித் தடம். முடிந்தது.

முடியவில்லை, ஐயா. சென்னையில் பஸ் ஏறிய எவருக்கும் தடம் என்றால் எண். தடம் எண் 21ஜி, தடம் எண் 29சி. 'பேருந்துத் தடத்தை மாற்றக் கூடாது' என்று நாம் எழுதினால், ஓட்டுநர் கோட்டைத் தாண்டக் கூடாது என்று யாரும் படிக்க மாட்டார்கள். 29சி இனி அடையாறு பக்கம் வராதோ என்றுதான் கவலைப்படுவார்கள். மெட்ரோ ரயில் வந்த பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை மூன்றாம் வழித்தடம், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை நான்காம் வழித்தடம். ரயில் தடம் புரள்கிறது. மோப்ப நாய் தடம் பிடிக்கிறது. இத்தனை வேலை பார்க்கும் சொல்லின் தலையில் இன்னொன்றையும் ஏற்றுவது அநியாயம்.

> வயலில் ஏர் போன கோட்டுக்குச் 'சால்' என்று பெயர். ஒரு சாலை ஒட்டி அடுத்த சால், ஒன்றை ஒன்று வெட்டாமல். லேன் என்பதும் அதுதானே? பேருந்துச் சால், மிதிவண்டிச் சால்.

தஞ்சைப் பக்கத்து ஐயாவின் இந்த முன்மொழிவைப் படித்ததும் பலருக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். மண்ணிலிருந்து வந்த சொல், ஓரசை, எழுதச் சுருக்கம். ஆனால் அவருடைய மடலிலேயே அதன் எமன் ஒளிந்திருக்கிறான். 'ஒரு சாலை ஒட்டி' என்று எழுதியிருக்கிறாரே, அதை மறுபடி படித்துப் பாருங்கள். பால் பாலை ஆகும், கால் காலை ஆகும். சால் என்ன ஆகும்? 'பேருந்துச் சாலை மறித்து நின்ற கார்களுக்கு அபராதம்' என்று நாளிதழில் செய்தி வந்தால், மறிக்கப்பட்டது ஓரத்துக் கோடா, முழுச் சாலையா? நாம் எந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கிளம்பினோமோ அதையே இரண்டாம் வேற்றுமை திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. 'சாலினை' என்று எழுதித் தப்பிக்கலாம் என்று ஒரு தம்பி தனிமடலில் சொன்னார். அரசாணையில் தப்பிக்கலாம். டீக்கடையில் 'சாலினை' என்று சொல்பவரை நான் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

> பஸ், டிக்கெட், டெப்போ எல்லாம் தமிழாகிவிட்டன. 'லேன்' மட்டும் என்ன பாவம் செய்தது?

ஒரு பாவமும் இல்லை. கடன்சொல் என்பதால் எதையும் நான் விரட்டுவதில்லை. 'மகிழுந்து' எழுதியவர்களே காரில்தான் போனார்கள். அதே சமயம் 'பேருந்து' பலகையில் ஏறி, பள்ளிப் பாடத்தில் ஏறி, நிலைத்துவிட்டது. 'பறக்கும் ரயில்' என்ற பெயரை எந்தக் குழுவும் கூடிப் பேசி வைத்ததாகத் தெரியவில்லை. 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தூண்மேல் ரயில் ஓடத் தொடங்கியதும் நகரம் தானே வைத்துக்கொண்டது. 'லேன்' விஷயத்தில் தடை வேறு. சென்னை முகவரிகளில் அது ஏற்கனவே சந்து. 'மூன்றாவது லேனில் பஸ் மட்டும்' என்றால் எந்தத் தெருவுக்கு எதிரே உள்ள மூன்றாவது சந்து என்று கேட்பார்கள்.

இனி யாழ்ப்பாணத்து அம்மா எழுதியதற்கு வருகிறேன்.

> எங்களிடம் 'ஒழுங்கை' என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் ஒடுங்கிய வழி. வீதியில் வாகனங்கள் போகிற வரிசைக்கும் அதையே சொல்கிறோம். ஒருவரும் குழம்பியது கிடையாது.

முதலில் எனக்கும் தயக்கம் இருந்தது. லேனைச் சந்து என்று ஒதுக்கிவிட்டு, அதே சந்துப் பொருள் உள்ள ஒழுங்கையை எப்படி ஏற்பது? ஆனால் சந்துப் பொருள் யாழ்ப்பாணத்தில் உயிரோடிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்பவருக்கு எந்தச் சந்தும் நினைவுக்கு வராது, 'ஒழுங்கு' தான் காதில் விழும். யாழ்ப்பாணத்திலும் 'பேருந்து ஒழுங்கை' என்றால் குழப்பம் வராது. வேலிக்கு நடுவே பஸ் நுழையாது என்று அங்குள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உருபு ஏற்றினால் 'ஒழுங்கையை', 'ஒழுங்கையில்'. எதனோடும் மோதவில்லை. புதிதாகப் படைக்கவும் வேண்டாம். கடல் தாண்டி இருக்கிற சொந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் போதும்.

கொழும்பு அனுபவம் இன்னொரு வகையிலும் நமக்கு உதவும். 2020 செப்டம்பரில் அங்கே பஸ்களுக்கு இடப்பக்க ஒழுங்கையை ஒதுக்கிப் பொலிசார் கண்டிப்புக் காட்டினார்கள். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள்களையும் முச்சக்கர வண்டிகளையும் அதே ஒழுங்கைக்குள் போகச் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மாற்றினார்கள். பஸ்சுக்கென்று கோடு போட்டுவிட்டு மற்றவரையும் அதற்குள் தள்ளினால் அதை என்னவென்று அழைப்பது? ஆகவே நம் பட்டியலில் இரண்டு பதிவுகள் வேண்டும். பஸ்சைத் தவிர யாரும் நுழையக் கூடாதென்றால் 'தனி ஒழுங்கை'. பஸ்சுக்கு முதலிடம், மற்ற சிலருக்கும் அனுமதி என்றால் 'முன்னுரிமை ஒழுங்கை'. பெங்களூர் வெளிவட்டச் சாலையில் 2019 அக்டோபரில் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து தொடங்கிச் சோதனை செய்தது இரண்டாவது வகைப் பெயரில்தான்.

இப்போது, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம். மிதிவண்டிக்கு நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. சாலையின் மேலேயே வண்ணக் கோடு போட்டுப் பிரிப்பது ஒன்று. விளிம்புக்கல் வைத்தோ, உயர்த்தியோ, செடி வரிசை விட்டோ மோட்டார் வாகனம் ஏற முடியாதபடி பிரிப்பது இன்னொன்று. பொறியாளர்கள் முன்னதை லேன் என்றும் பின்னதை டிராக் என்றும் பிரிக்கிறார்கள். இந்திய சாலைப் பேரவையின் நெறிமுறை பின்னதற்குக் குறைந்தது 2 மீட்டர் அகலம் கேட்கிறது. தமிழில் இரண்டையும் 'மிதிவண்டிப் பாதை' என்று எழுதிவிடுகிறோம். விளைவு என்ன? பச்சை வண்ணம் பூசி நாடா வெட்டிவிட்டு 'மிதிவண்டிப் பாதை திறப்பு' என்று பலகை வைக்கலாம். மறுநாள் காலை அதன்மேல் வரிசையாகக் கார்கள் நிற்கும். கேட்டால், பாதை போட்டாயிற்றே என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு இடம் கொடுப்பது நம்முடைய சொல்தான்.

அதனால் என் முன்மொழிவு: வண்ணக் கோடு மட்டும் இருந்தால் 'மிதிவண்டி ஒழுங்கை'. உடல்ரீதியான தடுப்பு இருந்தால்தான் 'மிதிவண்டிப் பாதை'. பாதை என்ற சொல்லைச் சம்பாதித்துத்தான் பெற வேண்டும். ஒப்பந்தப் புள்ளியில் 'பாதை' என்று எழுதிவிட்டுக் கோடு மட்டும் போட்டவரிடம் அப்போது கேள்வி கேட்கலாம்.

(மிதிவண்டியா, ஈருருளியா, துவிச்சக்கர வண்டியா, சைக்கிளா என்ற பழைய சண்டையை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு கொடுப்பது 'விலையில்லா மிதிவண்டி'. அந்தப் பெயரைப் பட்டியலில் வைப்போம். பேச்சில் சைக்கிள் ஓடட்டும். வண்டியைக் கொடுத்த அரசு அதை ஓட்ட இடம் கொடுத்ததா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.)

'மோட்டார் அல்லாத போக்குவரத்து' பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மாநகராட்சி 2014இல் இதற்கென்று ஒரு கொள்கையே ஏற்றது, நல்ல கொள்கை. ஆனால் நடப்பவரையும் மிதிப்பவரையும் 'அல்லாதவர்' கணக்கில் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மனிதன் நடக்கத் தொடங்கிய பிறகுதானே மோட்டார் வந்தது? 'நடை–மிதி போக்குவரத்து' என்று குறித்திருக்கிறேன். பிடிக்காதவர்கள் வேறு சொல்லுங்கள்.

கூட்டங்களில் 'சாலையே குறுகல், இதில் பஸ்சுக்குத் தனியிடமா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு விளக்கக் குறிப்பில் ஒரு கணக்கைச் சேர்க்கலாம். அமெரிக்க நகரப் போக்குவரத்து அலுவலர்களின் சங்கமான நாக்டோ சொல்வது இது: தனியார் மோட்டார் வாகனங்கள் ஓடும் 10 அடி அகல ஒழுங்கை ஒன்று மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டுசெல்லும், அதே அகலத்தைப் பஸ்சுக்கு ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். குறுகல் என்பதற்காகவே பஸ்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. கேட்பவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு. டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீட்டருக்குச் சாலை நடுவில் பஸ்சுக்கு இடம் பிரித்தார்கள். கார்களையும் அதற்குள் விடச் சொல்லி வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் 2012இல் அதைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் பிழைத்தது அரசியலில் பிழைக்கவில்லை. 2016இல் இடிக்கத் தொடங்கினார்கள். டெல்லிக்காரர்கள் அதை 'காரிடார்' என்றார்கள். 2009இல் தொடங்கிய அகமதாபாத்தின் இதே வகைப் பஸ் திட்டத்துக்கு 'ஜன்மார்க்', மக்கள் வழி, என்று பெயர். பெயரால்தான் ஒன்று நின்றது, மற்றது விழுந்தது என்று சொல்லும் அளவுக்கு எனக்குச் சொற்பித்து இல்லை. ஆனால் மக்கள் வழியை அடைக்கிறேன் என்று எழுந்து பேச எவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. சாலையில் என்ன எழுதுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். தார்மேல் 'பேருந்துத் தனி ஒழுங்கை' என்று எழுதினால் படித்து முடிப்பதற்குள் வண்டி அடுத்த சிக்னலுக்குப் போய்விடும். 'பஸ் மட்டும்' போதும். கலைச்சொல் ஆவணத்துக்கு, ஓட்டுகிறவருக்கு அல்ல.

அன்புடன்,
ஒருங்கிணைப்பாளர்

*

குழுவினருக்கு வணக்கம்.

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே 1974 முதல் பஸ்சுக்கென்று கோடு பிரித்த சாலைகள் உண்டு. மஞ்சள் கோடு என்றால் காலை மாலை நெரிசல் நேரத்தில் மட்டும். சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் ஏறக்குறைய நாள் முழுவதும். நாங்கள் 'பேருந்துத் தடம்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். உங்கள் குழப்பம் இங்கே இல்லாததற்குக் காரணம், பஸ் எண்ணை நாங்கள் தடம் என்று சொல்லாமல் 'சேவை' என்று சொல்வதுதான். ஆகவே தடத்தை அடியோடு தவறு என்று எழுதிவிடாதீர்கள். 'சிங்கப்பூர் வழக்கு' என்று ஓரக்குறிப்பாவது கொடுங்கள். நேரக் கட்டுப்பாடு உள்ள ஒழுங்கைக்கும் ஒரு பதிவு வேண்டும். எல்லா ஊரிலும் முழுநாள் ஒதுக்கீடு சாத்தியமில்லை.

*

ஐயா,

சாலைத் தாங்கள் சாலையாக்கிக் கொன்றுவிட்டீர்கள். இலக்கணத்தோடு வழக்காட எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஒழுங்கையைக் கொண்டாடுபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. வண்டிகள் குறுக்கே பாயாமல் அவரவர் கோட்டுக்குள் போவதை ஆங்கிலத்தில் 'லேன் டிசிப்ளின்' என்பார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? 'ஒழுங்கை ஒழுங்கு' என்றா? படிக்கிறவர் அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடுவார்.

தஞ்சைப் பக்கத்தான்

*

அன்புள்ள ஐயா,

நல்ல அடி. 'ஒழுங்கை பேணல்' என்று வைத்துக்கொள்ளலாம். மீறினால் 'ஒழுங்கை மீறல்', ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் 'ஒழுங்கை மாறல்'. மூன்றும் வினையாகவும் வளையும்: பேணினார், மீறினார், மாறினார். ஒழுங்கு என்ற சொல்லே தேவைப்படவில்லை.

சிங்கப்பூர் நண்பர் சொன்னபடி தடத்துக்கு ஓரக்குறிப்பு சேர்த்துவிட்டேன். 'நேர ஒழுங்கை' என்று ஒரு பதிவும் போட்டிருக்கிறேன். மறுப்பு வராவிட்டால் இவை இப்படியே பட்டியலில் ஏறும்.

அடுத்த சொல், நடைபாதை முனையில் சக்கர நாற்காலி இறங்க வெட்டிவிடும் சரிவு. 'விளிம்புச் சரிவு' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் போகிறவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் எழுதட்டும், மற்றவர்கள் பிறகு.

ஒருங்கிணைப்பாளர்