இளைப்பாறுதல் உங்களுக்கு எப்போது கிடைத்தது? அனுபவத்தைப் பகிருங்கள்

எளியவன்:
சொத்துப் பிரிவினையில் அண்ணனோடு ஏற்பட்ட பகையை விவரிக்கத் தேவையில்லை. இங்குள்ள பலருக்கும் அப்படி ஒன்று இருக்கும். பாரஞ்சுமக்கிறவர்களைத் தம்மிடம் வரச்சொல்லி இளைப்பாறுதல் தருவதாக இயேசு வாக்களிக்கும் மத்தேயு 11:28-ஐச் சொல்லிச் சொல்லி ஜெபித்தும் என் உள்ளம் அடங்கவில்லை. போதகரிடம் முறையிட்டபோது அவர், "அடுத்த வசனம் நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறதே, அதை என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அன்றிரவே அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. ஆனால் மணி ஒலித்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளிலேயே நெஞ்சின் இறுக்கம் தளர்ந்துவிட்டது. அவர் மனம் மாறுமா என்று தெரியாதபோதே எனக்கு எப்படி அமைதி வந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை. இஸ்ரவேலர் கடந்துபோகும்படி, ஆசாரியர்களின் கால்கள் தண்ணீரின் ஓரத்தில் பட்ட பிறகே யோர்தான் நதி ஓடாமல் நின்றது என்று யோசுவா 3-இல் வாசிக்கும்போதெல்லாம் அந்த மணியோசைதான் நினைவுக்கு வருகிறது.

மார்த்தாள்:
சகோதரரின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விசுவாசம் என்றாலே எதையாவது செய்வது என்று கொண்டால், ஏற்கெனவே களைத்தவர்கள் மேலும் ஓடத் தொடங்கிவிடுவார்கள். படுக்கையிலிருந்த மாமியாரைக் கவனித்துக்கொண்டே ஞாயிறு பள்ளியையும் பாடகர் குழுவையும் நடத்திவந்தவள் நான். பொறுப்புகளை ஒப்படைத்த பின் வந்த முதல் ஆராதனையில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என்னால் பாட முடியவில்லை. சுற்றியிருந்தவர்கள் பாடிய பாட்டே என் ஜெபமாயிற்று. நான் இல்லாமலும் எல்லாம் நடக்கிறது என்று கண்டதும் முதலில் வருத்தமும் (சற்றுக் கோபமும்தான்), பிறகு பெரும் நிம்மதியும் உண்டாயின. எபிரெயர் 4:10 தன் கிரியைகளை முடித்து ஓய்வதைப் பற்றித்தான் பேசுகிறது. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் அப்பமும் தண்ணீரும்தான் கொடுத்தான். மறுபடி படுத்துக்கொள்ளவும் விட்டான்.

பெரேயா வாசி:
சகோதரி 10-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டார். அந்த இளைப்பாறுதலில் பிரவேசிக்க ஜாக்கிரதையாயிருக்கும்படி 11-ஆம் வசனம் சொல்கிறது. வேலையின்றி இருந்த நாட்களில், பார்வை குறைந்த ஒரு முதியவருக்குச் சங்கீதங்களை வாசித்துக்காட்டப் போவேன். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்தபடியே உறங்கிவிட்டார். அன்றிரவு நானும் உறங்கினேன். என் கதை அவ்வளவுதான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியை எண்ணிப் பாருங்கள். 1736 ஜனவரியில் அட்லாண்டிக் புயலில் அவர் நடுங்கியபோது, அதே கப்பலில் இருந்த மொரேவியர்கள் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவக் குழுவினர் சங்கீதம் பாடுவதை நிறுத்தவில்லை. பிறர் செய்யத் தயங்கிய எளிய பணிவிடைகளை மற்றப் பயணிகளுக்குக் கூலியின்றிச் செய்துவந்தவர்களும் அவர்களே. ஆகவே எல்லாரும் காலையில் ஒரு சங்கீதத்தை வாசியுங்கள்; வாரம் ஒருமுறையாவது நோயாளி ஒருவரைப் பாருங்கள்; பாரத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்; இரவில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்; ஊழியத்தை விடுவதற்கு முன் போதகரோடு கலந்து பேசுங்கள்.

மார்த்தாள்:
நான் கேட்காத அறிவுரைக்கும் நன்றி, சகோதரரே. ஆனால் வெஸ்லி என் பக்கம்தான் நிற்கிறார். அந்தப் புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அவர் கடுமையாக உழைத்தும் அமைதி காணவில்லை. 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்க, அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய உள்ளம் அனல்கொண்டது. அந்தக் கூட்டத்துக்கும் அவர் விருப்பமில்லாமல்தான் போனார்.

எளியவன்:
விருப்பமில்லாமலேனும் எழுந்து போனாரே, சகோதரி.