வலிப்பைக் கண்டுபிடித்து நிறுத்தும் தொப்பி: நடக்குமா?

திருநகர்_பயோமெட்:
இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காதவர்களுக்குக் காந்தத் தூண்டல் (தலைமேல் வைத்த சுருளின் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது) கொடுக்கலாம் என்பது என் கட்சி. மண்டையைத் திறக்க வேண்டாம். நொடிக்கு ஒரு துடிப்பு அல்லது அதற்கும் குறைவாகக் கொடுத்தால் மூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், துடுக்கு தணிகிறது. 20 நிமிடத்தில் 1200 துடிப்பு, இரண்டு வாரம். எவ்வளவு பலத்தில் தூண்டினால் கட்டைவிரல் துடிக்கிறது என்று பார்த்து, அதை ஒட்டித்தான் பலம் வைக்க வேண்டும். அடுத்த கட்டம், மூளையின் மின் அலையைத் தலைத்தோலில் பதியும் ஈஇஜி தொப்பியே வலிப்பைக் கண்டுபிடித்து அந்த நொடியில் தூண்டுவது.

உசிலை_ஈஇஜி:
அந்த நொடியில்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது அண்ணே. தலைத்தோலுக்கு வர்றது சில பத்து மைக்ரோவோல்ட். புறணியில சுமார் 10 சதுர செ.மீ. ஒண்ணாத் துடிச்சாத்தான் மேல தெரியும். அதுக்குள்ள வலிப்பு பரவியிருக்கும். பல்லைக் கடிச்சா தசை அலை எல்லாத்தையும் மூடிடும். தேங்காய் எண்ணெய்த் தலையை ஷாம்பு போட்டு அலசி, தோலைத் தேய்ச்சு பேஸ்ட் வச்சாத்தான் மின்தடை 5 கிலோ ஓமுக்குள்ள இறங்கும். மதுரை வெயில்ல வியர்வை ஓடினா கோடே மேல கீழ அலையும். வீட்டுல நாள் முழுக்க இதை யார் பார்க்கிறது?

திருநகர்_பயோமெட்:
அசைவை வைத்து வலிப்பைக் கண்டுபிடிக்கும் மணிக்கட்டுப் பட்டை இருக்கிறதே.

உசிலை_ஈஇஜி:
கைகால் வெட்டி இழுக்கிற பெருவலிப்பைத்தான் பிடிக்கும். வெறிச்சுப் பார்த்து வாயை மெல்லுற வகை அதுக்குத் தெரியாது.

தல்லாகுளம்_நியூரோ:
பிடித்தாலும் எதைக் கொண்டு நிறுத்துவது? காந்தச் சுருளில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய வேண்டும். அந்தப் பெட்டி தொப்பியில் ஏறாது. எட்டு வடிவச் சுருள் 2, 3 செ.மீ. ஆழம் எட்டும், பலருக்கு வலிப்பு கிளம்பும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி அதற்கும் கீழே. தலைத்தோல் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தும் 2 மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டக் கருவி சட்டைப்பையில் அடங்கும். ஆனால் அது வேலை செய்யப் பல நிமிடம் வேண்டும், பெரும்பாலான வலிப்பு இரண்டு நிமிடத்தில் தானே நின்றுவிடும். நிறுத்திய பெயர் மட்டும் கருவிக்கு! அதிலும் கேத்தோடு (எதிர்முனை) வலிப்பு கிளம்பும் இடத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆனோடு (நேர்முனை) வந்துவிட்டால் அடக்குவதற்குப் பதில் கிளப்பிவிடலாம். மின்முனைக்கு அடியில் வைக்கும் உப்புநீர் ஸ்பாஞ்ச் காய்ந்தால் தோல் பொசுங்கும். 2013இல் அமெரிக்கா அனுமதித்த கருவி கண்டுபிடித்துத் தூண்டுகிறதுதான், மின்முனைகள் மண்டைக்குள் இருப்பதால்.

திருநகர்_பயோமெட்:
தொப்பியை விட்டுவிடுகிறேன். கார்டிகல் டிஸ்பிளேசியா (புறணி பிறவியிலேயே சரியாக உருவாகாதது) போல மேற்பரப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு இரண்டு வாரத் தூண்டலில் வலிப்பு குறைந்த சோதனைகள் உண்டு. அதை எப்படித் தள்ளுவது?

தல்லாகுளம்_நியூரோ:
பலன் காட்டாத சோதனைகளும் உண்டு சார். முதலில் எம்ஆர்ஐ, வீடியோ ஈஇஜி. பொட்டுமடலில் (காதுப் பக்கத்து மூளைப் பகுதி) தழும்பு தெரிந்தால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் அறுவை சிகிச்சைக்குக் கேட்பதே முறை. 2001இல் வெளியான கனடா சோதனையில் ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதவர்கள் அறுவைக் குழுவில் 58%, மருந்துக் குழுவில் 8%. தூண்டல்தான் என்றால், தலையில் உலோகக் கிளிப்போ காக்ளியர் இம்பிளான்டோ (காது கேட்க உள்ளே பொருத்தும் கருவி) இருக்கக் கூடாது. வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்பிரே பக்கத்தில் இருக்கட்டும்.

உசிலை_ஈஇஜி:
தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் வலிப்புக் கணக்கு எழுதச் சொல்லுங்க. அழகர் ஆத்துல இறங்குற ராத்திரி முழிச்சு, மாத்திரையும் தவறி வந்த வலிப்பைத் தனியாக் குறிக்கணும். இல்லேன்னா அடுத்த மாசம் தன்னால குறையிறதைத் தூண்டலோட வெற்றின்னு எழுதிடுவீங்க.