சனி ஞாயிறில் மூன்று பழைய படங்கள்

போன சனி, ஞாயிறு எங்கேயும் கிளம்பவில்லை. ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த மூன்று படங்களை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978). மஞ்சுவாக வரும் ஸ்ரீப்ரியாவை மறக்க முடியாது. கோபமும் ஏக்கமும் சந்தேகமும் அந்த முகத்தில் மாறி மாறி வருகின்றன. ஆனால் படம் நிறையப் பேசுகிறது. சில இடங்களில் பட்டிமன்றம் கேட்பது போல இருந்தது. கடைசியில் மஞ்சுவை ரோட்டில் இறக்கிவிட்டு கார் போகிறதே, எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

அன்று ராத்திரி மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). இதில் பேச்சு குறைவு. விஜயன் குரலை உயர்த்தாமலே ஒரு வீட்டை நடுங்க வைக்கிறார். 'அழகிய கண்ணே' வந்தபோது அம்மாவும் மெதுவாகக் கூடவே பாடினார். முடிவில் ஆற்றங்கரையில் அந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஞாயிறு மதியம் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பாட்டே கிடையாது, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். கடனுக்கு அலைவது, சிமெண்டில் கைவைக்கும் காண்ட்ராக்டர், அதைத் தட்டிக் கேட்கும் சித்தாள் மங்கம்மா என்று வீடு கட்டியவர்கள் பட்டதெல்லாம் இதில் இருக்கிறது. வீடு கட்டும் பெண்ணாக வரும் அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. முடிவில் குடிநீர் வாரியம் அந்த நிலத்துக்கு உரிமை கோருவதுதான் எனக்கு உறுத்தியது. பட்டவளுக்கு இன்னும் ஒரு அடியா என்று தோன்றியது. "நிஜத்துல இதைவிட மோசமா நடக்கும்டா" என்றார் அம்மா.

சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, கட்டி முடியாத அந்த வீட்டைத் தனியாக வந்து பார்க்கிறார். ஒவ்வொரு அறையாக நடக்கிறார். சுவரைத் தடவுகிறார். அவ்வளவுதான், வேறொன்றும் நடப்பதில்லை. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்போது அம்மா டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்கப்பாவும் இப்படித்தான். தளம் போடறதுக்கு முந்தின நாள் ராத்திரி, டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் எல்லாச் சுவரையும் தொட்டுப் பார்த்துட்டு வந்தார். கேட்டதுக்கு, சும்மாதான்னார்."

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. இதை அம்மா இதுவரை என்னிடம் சொன்னதில்லை.