ஆய்வில் ஒன்றும் தேறவில்லை. கருத்தரங்கில் போஸ்டர் வைத்து என்ன பயன்?

முதுகலை_மாணவி:
தூக்கக் குறைவுக்கும் ஸ்ட்ரூப் சோதனை (நிறப்பெயரைப் படிக்காமல் அது அச்சான மையின் நிறத்தைச் சொல்லும் சோதனை) மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தேன். சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு உளவியல் கருத்தரங்கில் ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், போஸ்டராக. நெறியாளர் "போய் வா" என்கிறார். தன்விவரக் குறிப்பில் ஒரு வரி கூடும் என்பதைத் தவிர வேறென்ன கிடைக்கும்?

சிதறல்_வரைபடம்:
அந்த ஒரு வரிக்காக என்றால் போகவே வேண்டாம். சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கிறது.

மேடை கிடைக்கவில்லையே என்றும் வருந்தாதீர்கள். மேடைப் பேச்சில் கேள்விக்கு ஒதுக்கும் நேரத்தை அமர்வுத் தலைவரே விழுங்கிவிடுவார். போஸ்டர் பக்கத்தில் நின்றால் வருகிறவர் உங்களோடு சண்டையே போடலாம். நானும் ஸ்ட்ரூப்பை வைத்து ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுகின்றனவா என்பது) தேடியவன்தான். ஒரு பேராசிரியை தலைப்பைக்கூடப் படிக்காமல் நேராக வரைபடத்தில் விரலை வைத்து, "இதே ஆட்களுக்கு அடுத்த வாரம் இதே சோதனையை வைத்தால் இதே வரிசையில் வருவார்களா?" என்றார். நெறியாளர், தேர்வுக் குழு என யாருமே கேட்காத கேள்வி. அங்கேயே நின்று விளக்கவும் செய்தார். நிறப்பெயர் வேறு நிற மையில் இருந்தால் ஏறக்குறைய எல்லோருமே தடுமாறுகிறார்கள். 1935-இல் ஸ்ட்ரூப் எழுதியதிலிருந்து அந்த விளைவு அசையாமல் நிற்கிறது. ஆனால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே அளவு தடுமாறினால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அது எப்படி அளக்கும்? ஹெட்ஜ், பவல், சம்னர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2018-இல் இதைத்தான் 'நம்பகத்தன்மை முரண்' என்றார்கள். உங்கள் ஆய்விலும் தூக்கத்தைக் குறை சொல்லுமுன் கருவியைச் சந்தேகியுங்கள்.

இழுப்பறை:
"தொடர்பு இல்லை" என்ற முடிவைத் தேடி வருபவர்களும் உண்டு. அத்தகைய ஆய்வுகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகின்றன என்று உளவியலாளர் ரோசந்தால் 1979-லேயே எழுதினார். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வு செய்பவர்களுக்கு அவை தேவை. ஒட்டுறவுக் கெழு, சராசரி, திட்டவிலக்கம், பங்கேற்பாளர் எண்ணிக்கை நான்கையும் போஸ்டரில் கண்ணில் படும்படி போடுங்கள்.

வழிப்போக்கர்:
கட்டணம் கட்டினால் எதையும் ஏற்கும் கருத்தரங்குகளும் இருக்கின்றன. போஸ்டருக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று நிகழ்ச்சி நிரலில் பாருங்கள். இல்லையென்றால் நீங்களும் சுவரும்தான்.

முதுகலை_மாணவி:
தனி நேரம் இருக்கிறது. மறுசோதனைக்கு இப்போது ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். இருக்கும் தரவிலேயே நம்பகத்தன்மையைப் பார்க்க முடியுமா?

சிதறல்_வரைபடம்:
முடியும். ஒற்றைப்படை, இரட்டைப்படை முயற்சிகளைப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் ஸ்ட்ரூப் மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, இரண்டுக்கும் ஒட்டுறவு பாருங்கள். பாதிச் சோதனையின் ஒட்டுறவிலிருந்து முழுச் சோதனையின் நம்பகத்தன்மையைக் கணிக்கும் ஸ்பியர்மன்-பிரௌன் திருத்தத்தை மறக்காதீர்கள். அந்த எண்ணையும் போஸ்டரில் போட்டுவிடுங்கள். கேட்க ஆள் வரும்.